சுளகைக் கேட்டவன்

பேட்டையில் இறங்கி குமரவேல் வீடு எது என்று கேட்டால், "எந்தக் குமரவேலு?" என்றுதான் பதில் வரும். பிரஸ்ஸில் வேலை பார்க்கிற குமரவேல் என்று சொன்னால் ஒருவேளை கை நீட்டிக் காட்டுவார்கள். ஆனால் அதே பேட்டையிலும், மேலப்பாளையத்திலும், அம்பாசமுத்திரத்திலும், ஏன், கோலாலம்பூரிலும்கூட, வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டுகிறவர்கள் பலர் அந்த மனிதரின் கையைத் தாண்டித்தான் தட்டுகிறார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் அது உறைக்காமல் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜங்ஷனில் ஓர் அச்சகத்தில் அவருக்கு எழுத்துக் கோக்கிற வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பிரஸ்காரர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். காதுகுத்துப் பத்திரிகையில் தொடங்கி கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் வரைக்கும் ஒரு மனிதனின் நல்லது கெட்டது அத்தனையும் குமரவேலின் விரல் வழியாகத்தான் சுவருக்குப் போகும். முதலாளி சிக்கனக்காரர், காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் என்றாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் அந்தக் காலத்திலேயே இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுவிட்டார். அதில் எல்லாம் இருந்தது. குமரவேல் டைப்ரைட்டிங் பழகிய தட்டச்சு முறைக்கு ஒழுங்கான தமிழ்தான் இல்லை. கொம்பு ஒரு பக்கம் நிற்கும், எழுத்து இன்னொரு பக்கம் நிற்கும். மணமகன் பெயரை அடித்தால் மாட்டுத்தரகன் பெயர் மாதிரி வரும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு தானே புத்தகம் வாங்கிப் படித்து, தட்டுத்தடுமாறி, ஒரு சின்ன மென்பொருளை எழுதினார். விரல் தட்டுகிறதை வாங்கி, புடைத்து, தமிழ் எழுத்தாக நிறுத்துவது அதன் வேலை. முறத்தைத் தெற்கே சுளகு என்போம். அந்தப் பெயரையே வைத்தார்.

லினக்ஸ் என்பது யாருடைய சொத்தும் இல்லை. உலகம் முழுக்கப் பல பேர் ஆளுக்கொரு துண்டாகச் செய்து பொதுவில் வைத்தது. யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஊர்க் கிணறு மாதிரி. ஊர்க் கிணறு என்றால் தண்ணீர் எடுக்க ஆயிரம் குடம் வரும். தூர் வார யார் இறங்குவது என்ற பேச்சு வந்தால் ஆளுக்கொரு திசையைப் பார்ப்பார்கள். சுளகு என்ற கிணற்றுக்குக் குமரவேல் ஒருத்தர்தான் இறங்குகிறவர். லினக்ஸ் தன் உள்கட்டமைப்பை மாற்றும்போதெல்லாம் சுளகு எங்கேயாவது இடறும். பிரஸ்ஸிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சரிசெய்ய உட்கார்ந்துவிடுவார்.

"பக்கத்து வீட்டுக்கு மாவாட்டிக் கொடுத்தாக்கூட ஒரு கிண்ணம் மாவு மிஞ்சும். இதுல உங்களுக்கு என்ன மிஞ்சுது?" என்பாள் அவர் மனைவி பிரேமலதா.

"பேரு மிஞ்சுது" என்பார்.

"அந்தப் பேரு ரேஷன் கடையில செல்லுமா?" என்பாள். சொல்லிவிட்டு அவளே காப்பியும் கொண்டுவந்து வைப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்தில் விஷயம் மாறியது. வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் வராது என்று அறிவித்துவிட்டார்கள். புதியது பழைய மெஷின்களில் ஏறாது. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினி, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த மடிக்கணினி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று கிடந்தது. தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? பேட்டை கடைவீதியில் பழுது பார்க்கிற ஷேக் மைதீன் அதற்கு வழி கண்டுபிடித்தார்.

"அண்ணாச்சி, நான் லினக்ஸைப் போட்டு, கூடவே உங்க சுளகையும் போட்டுக் கொடுக்கேன். பழைய மெஷினு சும்மா பறக்கு! நம்ம பொம்பளையள் எல்லாம் தமிழ்லயே தட்டுதாவ. திருத்தம் வந்தா அதுவாப் போயி எடுத்துக்கிடும், யாரும் என் கடைக்கு வர வேண்டியதே இல்ல."

குமரவேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சி ஷஃபீகா கடைக்கு வந்த நாள் வரைக்கும்தான் நீடித்தது.

ஷஃபீகா பேட்டைக்காரி, கணவர் சவுதியில் தம்மாமில் இருக்கிறார். மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "காக்கா, எல்லாம் நல்லா இருக்கு, பேங்க் மட்டும் திறக்க மாட்டேங்கு, பாருங்க" என்று ஷேக் மைதீனிடம் சொல்லிவிட்டு, அங்கேயே ரகசிய வார்த்தையைத் தட்ட ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த குமரவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது மரியாதை. திருப்பிக்கொண்ட பிறகுதான் அது உறைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்; சுளகு திருப்பிக்கொள்ளாது. அந்தப் பெண் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும், பேங்க் ரகசியமானாலும் புருஷனுக்கு எழுதுகிற கடிதமானாலும், சுளகைக் கடந்துதான் உள்ளே போகிறது. சுளகுக்குள் யாராவது ஒரு வரியைச் செருகிவிட்டால் போதும், அத்தனை வீட்டு ரகசியமும் கண்காணாத தேசத்துக்குப் போய்விடும். பிரஸ்ஸில் பத்து மெஷினில் ஓடியபோது இதை யார் நினைத்தார்கள்? திருடன் குடிசையைப் பார்ப்பானா? ஊரே குடிவந்த பிறகுதானே பார்ப்பான்!

அன்றிலிருந்து குமரவேலுக்குத் தட்டச்சுப் பலகையின் சத்தம் கேட்டாலே பயம். பிரஸ்ஸில் பக்கத்து ஆள் வேகமாக அடித்தால் நிமிர்ந்து பார்ப்பார். தெருவில் நடக்கும்போது ஜன்னலுக்கு உள்ளே கம்ப்யூட்டர் வெளிச்சம் தெரிந்தால், அந்த வீட்டுக் கதவு திறந்து கிடப்பது போலவும், பூட்ட வேண்டியவர் தான் ஒருத்தர்தான் என்பது போலவும் இருக்கும்.

பட்ட காலிலே படும் என்பார்கள். கண்ணில் நீர் அழுத்தம் என்று டாக்டர் சொன்னார். ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டதாம், நடுப் பார்வையை மருந்து விட்டுக் காப்பாற்றலாமாம், அதிகம் கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாதாம். பிரஸ் வேலையை விட முடியாது. அப்படியென்றால் சுளகை யார் பார்ப்பது? இந்தக் கேள்வி அவர் சாப்பிடும்போது இலையில் வந்து உட்கார்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் லினக்ஸ் மறுபடி உள்கட்டமைப்பை மாற்றியது. சுளகு முடங்கியது. இரண்டு நாளில் முடிகிற வேலை குமரவேலுக்கு வாரக்கணக்கில் இழுத்தது. சுளகுக்கென்று இருந்த இணையப் பக்கத்தில் முகம் தெரியாதவர்கள் ஏச ஆரம்பித்தார்கள். "முடியவில்லை என்றால் முடிந்தவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கு" என்று ஒருவன். "கிழவரே, இது உங்கள் சொந்தச் சொத்தா?" என்று இன்னொருவன். இலவசமாகக் கொடுத்ததற்கு இந்த ஏச்சு! அவர் ரோஷக்காரர். ஆனால் அந்த ரோஷத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. அவர்கள் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்?

அப்போது வந்தவன்தான் ஆதிநாதன்.

'அண்ணாச்சி, வணக்கம். கோவிச்சுக்காதீங்க, அவங்க கிடக்காங்க. நான் ஒரு திருத்தம் செஞ்சு வச்சிருக்கேன், பாருங்க. நானும் தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்தவன்தான்' என்று எழுதியிருந்தான். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் நீலச் சட்டை போட்ட ஒரு பையனின் படம். திருத்தம் சுத்தமாக இருந்தது. சுளகு எழுந்து நடந்தது.

குமரவேல் கேட்டார்: 'எந்த ஊர் தம்பி? யார் வீடு?'

ஆழ்வார்திருநகரி, சன்னதித் தெருவுக்குப் பின்னால், அப்பா வாழை இலைக்கட்டு வியாபாரம், தான் பெங்களூரில் வேலை என்று பதில் வந்தது. நெல்லைச் சீமையில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டால் மூன்றாவது கேள்வி கிடையாது. அது நம் ஊரின் பெருமை. பேதைமையும் அதுதான். ஒரு தரம் போனில் பேசலாமா என்று கேட்டார். 'எனக்குத் திக்குவாய் அண்ணாச்சி. எழுத்துலதான் சரளமா வரும்' என்றான். குமரவேலுக்கு மனசு இளகிவிட்டது. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு வருஷம் அவன் உழைத்தான். அவர் கேட்பதற்கு முன்னால் செய்தான். கண்ணுக்கு மருந்து விட்டீர்களா என்று விசாரித்தான். ஏசுகிறவர்கள் ஒரு பக்கம் ஏசிக்கொண்டே இருந்தார்கள். இவன் இன்னொரு பக்கம் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் பைய எழுதினான்: 'வெளியிடுகிற உரிமையை என்கிட்டயும் கொடுத்துட்டு நீங்க கண்ணைப் பாருங்க அண்ணாச்சி.' சுளகின் திருத்தங்களை வெளியிட ஒரு சாவி உண்டு. அது யார் கையில் இருக்கிறதோ அவர் வெளியிட்டதை, ஷேக் மைதீன் போட்டுக்கொடுத்த மெஷின்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும்.

குமரவேல் அதை வீட்டில் சொன்னபோது பிரேமலதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாருன்னு விசாரிச்சியளா?"

"விசாரிக்கதுக்கு என்ன இருக்கு? ஆழ்வார்திருநகரிப் பிள்ளை. அப்பா இலை வியாபாரம். போதாதா?"

"நம்ம மவளைக் கோயில்பட்டியில கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டுத் தெருவுல பால்காரர் மொதக்கொண்டு விசாரிச்சிய. இப்பம் ஊர்ல உள்ள வீட்டுச் சாவியெல்லாம் ஒருத்தன் கையில கொடுக்கப் போறேங்கிய, மொகத்த நேர்லகூடப் பாக்கல."

"ஏளா, இது என்ன கல்யாணமா?"

"கல்யாணம்னா ஒரு வீட்டுப் பொண்ணு. இது எத்தனை வீடு?"

அவளே வழியும் சொன்னாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெத்தல, பாக்கு, பழத்தோட அவிய வீட்டுக்குப் போவோம். 'உங்க பிள்ளைகிட்ட ஒரு பொறுப்பக் கொடுக்கோம்'னு பெத்தவகிட்டச் சொல்லிட்டு வருவோம். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, விசாரிச்ச மாதிரியும் ஆச்சு. ஆனா அந்தப் பையன்ட்ட முன்கூட்டிச் சொல்லாதீய. சொல்லாமப் போனாத்தான் வீடு எப்படின்னு தெரியும்."

சரி என்று தலையாட்டினார். அவளிடம் சொல்லாமல் மறைத்தது ஒன்று இருந்தது. அன்று மத்தியானமே சாவியைக் கொடுத்துவிட்டிருந்தார். இப்போது சாவி இரண்டு பேர் கையிலும் இருந்தது. இவர் அவனை நீக்கலாம், அவன் இவரை நீக்கலாம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் தன் கையால் முதல் திருத்தத்தை வெளியிடுவதாக ஆதிநாதன் சொல்லியிருந்தான். நல்ல நேரமாம்.

மறுநாள் காலை திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். பிரேமலதா மடியில் தாம்பூலப் பை. கருங்குளம் தாண்டி, இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு வந்ததும் குமரவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வருஷமாக எழுத்தில் மட்டும் பழகிய பிள்ளையின் வீட்டுக்குப் போகிறோம், அவனிடமே சொல்லாமல் போவதா? மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தபோது போனை எடுத்துத் தட்டினார்: 'தம்பி, உங்க வீட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கோம். அம்மாவைப் பாக்க.'

எழுதிய மறுநிமிஷம் பதில் போடுகிறவன் அன்று பதில் போடவில்லை. ஸ்ரீவைகுண்டம் வந்தது, போனது. பதில் இல்லை. குமரவேல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலையாக இருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆழ்வார்திருநகரியில் இறங்கிய பிறகுதான் பதில் வந்தது. எழுத்து மங்கலாகத் தெரிந்தது, பிரேமலதாவிடம் நீட்டினார். வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்.

"சொல்லாதீயன்னு சொன்னேம்லா?" என்று முறைத்துவிட்டு அவள் வாசித்தாள். "'போக வேண்டாம் அண்ணாச்சி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. யாரையும் பார்க்க மாட்டாங்க. இன்னொரு நாள் நானே கூட்டிட்டுப் போறேன்.'" வாசித்த வேகத்தில் அவள் கோபம் போய்விட்டது. "அடப் பாவமே, மேலுக்குச் சரியில்லையா? அப்பம் பாக்காமத் திரும்புனா நல்லாவா இருக்கும்?" என்று எதிர்க்கடையில் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கப் போனாள்.

குமரவேல் நின்ற இடத்திலேயே நின்றார். மனைவி சொன்னது நியாயம். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வர வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருக்கிறார்கள் என்று சொல்லலாம். பெற்றவளுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி, தெருமுனை வரைக்கும் வந்துவிட்ட நெல்லைக்காரனைத் திருப்பி அனுப்ப முடியுமா? அதைக் கேட்டால் இன்னும் வேகமாகத்தானே நடப்பான்! இந்தப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாதா? அந்தப் பெயரை நினைத்தபோது முதல் தடவையாக அவருக்குக் குளிரெடுத்தது. சித்திரை வெயிலில்.

டீக்கடைக்காரரிடம் ஆதிநாதன் பெயரைச் சொல்லி இலை வியாபாரி வீட்டை விசாரித்தார்கள்.

"ஆதிநாதன் வீடா? பாவம், அங்கன, பச்சைக் கதவு. தாய் மட்டுந்தான் இருக்கா" என்றார் அவர்.

'பாவம்' எதற்கு என்று கேட்காமலே குமரவேல் நடந்தார்.

பச்சைக் கதவுக்கு முன்னால் ஓர் அம்மாள் குத்தவைத்து மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆறுமுகத்தாய் என்று பெயர் சொன்னாள். கையில் பழத்தோடு வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"உடம்பு எப்படி இருக்கும்மா? முடியலைன்னு கேள்விப்பட்டோம்" என்றாள் பிரேமலதா.

"எனக்கா? எனக்கு என்ன, கல்லுமாதிரி இருக்கேன். யாரு சொன்னா?"

"உங்க பையன் ஆதிநாதந்தான்."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமா, பயமா, ஏதோ ஒன்று முகத்தில் வந்து நின்றது. உள்ளே நடந்தாள். இவர்களும் பின்னால் போனார்கள். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். நெற்றியில் சந்தனப் பொட்டு. ஒரு வருஷமாகக் குமரவேல் போனில் வட்டத்துக்குள் பார்த்த அதே முகம், அதே நீலச் சட்டை.

"மூணு வருஷம் ஆவப்போவுது. பெங்களூர்ல பைக்குல போவும்போது லாரி அடிச்சிட்டு. அந்த ஏக்கத்துலயே அவிய அப்பாவும் போய்ச் சேந்தாச்சு" என்றாள் ஆறுமுகத்தாய். "நீங்க யாரு? எதுக்கு வந்திய?"

குமரவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சு கோவையாக வரவில்லை. பிரேமலதாதான் சொன்னாள், சுளகு, கண், ஒரு வருஷம், அண்ணாச்சி அண்ணாச்சி என்று வந்த எழுத்து, திக்குவாய்.

"திக்குவாயா?" என்றாள் ஆறுமுகத்தாய். "எம்பிள்ளையா? அவன் வாய் ஓஞ்சு நான் பாத்ததே இல்லியே. தூங்கும்போதுகூடப் பேசுவான்." பிறகு தானே முனகினாள்: "எங்க போனாலும் ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் சொல்லாம இருக்க மாட்டான். கம்ப்யூட்டர்லயும் எழுதிவச்சிருப்பான். எவனோ எடுத்துக்கிட்டான்."

"கொடுக்கலையே? சாவியக் கொடுக்கலையே இன்னும்?" என்று பிரேமலதா திரும்பினாள்.

குமரவேல் தலையைக் குனிந்தார். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

போனில் சுளகின் பக்கத்தைத் திறந்தார். தன் பெயர் இன்னும் இருந்தது. அவன் பெயரும் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அவன் எதற்குக் காத்திருக்கப் போகிறான்? இவர்கள் இந்த வாசலில் நிற்பது அவனுக்குத் தெரியும். தெரிய வைத்ததே இவர்தான். இந்த நொடியில் அவன் கையும் அதே பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும். அவன் முந்திவிட்டால் சுளகில் குமரவேல் இல்லை. அதற்குப் பிறகு ஷஃபீகா தட்டுவதெல்லாம் அவனுக்கு. பேட்டை முழுக்கத் தட்டுவதெல்லாம் அவனுக்கு. கத்தினாலும் யாருக்கும் கேட்காது. எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் ஈ மொய்ப்பது போலக் கலைந்தன. கண்ணைக் கசக்கிக் கசக்கி, பழக்கத்தில் விரலை நகர்த்தி, எப்படியோ அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். ஆதிநாதனின் படமும், பக்கத்தில் 'நிச்சயமாக நீக்கவா?' என்ற கேள்வியும் வந்தன.

"அது எம்பிள்ளை படம்லா?" ஆறுமுகத்தாய் குனிந்து பார்த்தாள். "கொடுங்க, பாத்துக்கிடுதேன்." கேட்டவள் வாங்கியும்விட்டாள்.

ஒரு தட்டுத் தட்டினால் முடிந்துவிடும். ஆனால் செத்த மகனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாயின் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது? குமரவேலின் கை பாதி தூரம் போய் நின்றது. பிரேமலதாவைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே, பொறுங்க என்றாள்.

"என்னல்லாம் எழுதுனான்?" என்று கேட்டாள் ஆறுமுகத்தாய்.

"அவன் எழுதலம்மா. எவனோ ஒரு திருட்டுப்பய" என்றார் குமரவேல்.

"தெரியும். என்ன எழுதுனான்னு கேக்கேன்."

பலமுறை கணவருக்கு வாசித்துக் காட்டியதால் பிரேமலதாவுக்கு எல்லாம் மனப்பாடம். "கண்ணுக்கு மருந்து விட்டியளான்னு கேப்பான். வெயில்ல அலையாதீங்கன்னு எழுதுவான்."

"எங்கிட்டயும் அதைத்தான் சொல்லுவான். வெயில்ல அலையாதம்மான்னு."

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மேலே ஒரு வரி வந்து நின்றது. பிரேமலதா எட்டிப் பார்த்து வாசித்தாள்: "'அண்ணாச்சி, எங்க இருக்கீங்க? அம்மாகிட்டப் பேசிட்டீங்களா?'"

மாலைக்குள்ளிருந்து பையன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆறுமுகத்தாய் அந்தப் படத்தையும் போனில் இருந்த படத்தையும் ஒரு தரம் பார்த்தாள். அவள் முகம் இறுகியது.

"எம்பிள்ளை பேரச் சொல்லி எத்தனை வீட்டுக்குள்ள ஏறப்போறான் இந்தச் சவம்?" என்றாள். "எதை அமுக்கணும்? இங்கன சொல்லுங்க. நான் வச்ச பேரு. என் கையாலயே போவட்டும்."

குமரவேல் அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அமுக்கினாள். போன் யோசித்தது, ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கம் மாறியது. சுளகின் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் நின்றது, குமரவேல் என்று. அவர் அதைப் பிரேமலதாவை விட்டு இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

தாம்பூலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் குமரவேல் ஷேக் மைதீனுக்குப் போன் போட்டு, எந்தத் திருத்தத்தையும் எந்த மெஷினும் எடுக்காதபடி நிறுத்தச் சொன்னார். நடந்ததையும் சொன்னார்.

"யா அல்லாஹ்! அண்ணாச்சி, ஒரு வருஷமா அவன் கொடுத்ததெல்லாம் ஏற்கெனவே உள்ள போயிட்டே?" என்றார் ஷேக் மைதீன்.

அதுதான் குமரவேலின் நெஞ்சிலும் உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷம் அவன் கையால் சாப்பிட்டாகிவிட்டது. அதில் எது சோறு, எது விஷம்? இனி ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு. கூடப் பார்க்க ஆள் வேண்டும், நேரில் வந்து எதிரே உட்காருகிற ஆள். ஷேக் மைதீன் தனக்குத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டைக் கடையில் நாலு நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதால் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஷஃபீகா போன வாரம்கூடக் கேட்டாள், மெஷினைத் தைரியமாகப் பயன்படுத்தலாமா என்று. குமரவேலால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

சுளகைக் கேட்டு வந்தவன் அந்தப் பெயரில் மறுபடி எழுதவில்லை. ஏசியவர்களும் அதே நாளோடு ஓய்ந்துவிட்டார்கள், ஒருவர் விடாமல். அப்படியென்றால் ஏசியதும் தடவிக் கொடுத்ததும் ஒரே கைதானா? அதை நினைத்தால் குமரவேலுக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

ஆனி பிறந்த சமயம் ஆறுமுகத்தாய் போன் செய்தாள். நம்பரைப் பிரேமலதா கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"நல்லா இருக்கியளா? கண்ணு எப்படி இருக்கு?" என்று விசாரித்தாள். பிறகு, "அவன் எதுவும் எழுதுனானா?" என்றாள்.

"இல்லம்மா. இனிமே எழுத மாட்டான்."

"நல்லது. அவன் எம்பிள்ளை இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் இருந்தாள். குமரவேலும் வைக்கவில்லை.

"ஒருவேளை எழுதுனான்னா, எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டிட்டு அழிங்க" என்றாள்.